ஓடையில் இறக்கிய கறிப்பானை

போன மாதம் ஈப்போவில் என் மகள் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காக அவள் முந்தின நாளே கோழியைக் கழுவி, தயிரும் மசாலாவும் பிசறி, மூடி போட்ட டப்பாவில் அடைத்து ஐஸ்பெட்டிக்குள் தள்ளினாள். "ஊறட்டும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த டப்பாவை யாரும் வெளியே எடுக்கவில்லை. வாசலில் வைத்து ஊரைக் கூட்டவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வயதில் ஒரு கோழியைப் பார்த்து ஆத்திரப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் இது புரியும். பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நாங்கள் மலாயாவில் பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அம்மா முந்தின மழைக்காலத்தில் பிரசவத்தில் போய்விட்டாள். அப்பா பால் வெட்டுகிறவர். பக்கத்து வீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா. ஊரில் தாய் தகப்பன் இரண்டு பேரும் போன பிறகு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவள். புருஷனையும் இந்த மண்ணில்தான் பறிகொடுத்தாள். அதனால் அப்பா அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தில் மற்றவர்களும் பேசமாட்டார்கள்.

அம்மா போன பிறகு அத்தைதான் எங்களுக்குப் பொங்கிப் போட்டாள். கறி கிடைத்தால் இரண்டு தண்ணீரில் அலசுவாள், கொதிக்கிற மிளகாய்த் தண்ணீரில் அப்படியே போடுவாள். வெந்ததோ வேகவில்லையோ, இறக்கிவிடுவாள். மென்று மென்று தாடை வலிக்கும். முணுமுணுத்தால் பல்லு எதுக்கு இருக்கு என்று கேட்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. விடியுமுன் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், பிறகு ரப்பர்க் காடு, பிறகு பால் வாளியோடு ஸ்டோர். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் கறிக்கு ஏதாவது செய்யலாம் என்கிற நினைப்பே லயத்தில் பாதிப் பேருக்குக் கிடையாது.

அந்த வருஷம் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்க ஆரம்பித்த சமயத்தில் சின்னம்மா வந்தாள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், அந்த மாதங்களில் காடு முழுக்கச் சிவப்பாகிவிடும். நடந்தால் சருகு நொறுங்குகிற சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். பால் குறைந்துவிடும், வேலையும் குறைந்துவிடும். கங்காணி பேசி முடித்து, கோயிலில் வைத்துத் தாலி கட்டி, அப்பா அவளை அழைத்து வந்தார். லூமுட் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவள். ஏற்கெனவே ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் காய்ச்சலில் போய், பிறந்த வீட்டிலும் யாரும் மிஞ்சாமல் இருந்தவள். ஒரு தகரப்பெட்டியும் ஒரு மண்பானையும்தான் கொண்டு வந்தாள். முதல் புருஷனை முழுங்கியவள் என்று அத்தை அன்று மாலையே குழாயடியில் சொல்லிவிட்டாள்.

எனக்கும் முதலில் அவளைப் பிடிக்கவில்லை. அம்மாவின் சேலைகளை அவள் மடித்து வைத்த விதம் பிடிக்கவில்லை. பிடித்துப் போனது காட்டுப்பன்றியால்.

இலை உதிர்காலத்தில் பன்றிகள் இறங்கிவந்து இளங்கன்றுகளின் வேரைத் தோண்டிப் போடும். துரை துப்பாக்கியோடு போய் ஒன்றிரண்டைச் சுடுவார். அவர் அதைத் தின்னமாட்டார், லயத்துக்குக் கொடுத்துவிடுவார். ஆண்கள் லாலான் புல்லைக் கொளுத்தி மயிரைப் பொசுக்கி, மண்வெட்டித் தகட்டால் சுரண்டிப் பங்கு போடுவார்கள். தொடையும் ஈரலும் கங்காணி வீட்டுக்குப் போகும். எங்களுக்கு வந்தது கிழட்டுப் பன்றியின் தோள்பட்டை, தோலோடு. அத்தை அதைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குப் போனபோது சின்னம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணி, இன்னிக்கு வேணாம். நாளைக்கு ஆக்கிக்கலாம்" என்றாள்.

கறியை வைத்துக்கொண்டு நாளைக்கு என்று ஒருத்தி சொன்னது அந்த லயத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அத்தை கறியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

சின்னம்மா என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தாள். நான் எலுமிச்சை முள் ஒடித்துக்கொண்டு வந்தேன். அவள் கறியைக் கையளவுத் துண்டுகளாக அரிந்து, ஒவ்வொன்றையும் அந்த முள்ளால் குத்தினாள். நானும் குத்தினேன். பிறகு உப்பும் மஞ்சளும் தேய்த்து ஒரு சட்டியில் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரத்தத் தண்ணீர் பிரிந்து வழிந்தது, அதைப் பிழிந்து கொட்டினாள். ஆப்பத்துக்கென்று அப்பாவிடம் முந்தின நாளே கேட்டு வாங்கி வைத்திருந்த தென்னங்கள்ளு ஒரு போத்தலில் புளித்துப் போயிருந்தது. அதை ஊற்றிப் பிசைந்தாள். புளித்த கள்ளின் நெடி மூக்கில் ஏறியது. அம்மியில் இஞ்சி, பூண்டு, மிளகு, காய்ந்த மிளகாய், வேலியோரம் முளைத்துக் கிடந்த செராய்த் தண்டு எல்லாவற்றையும் அரைத்தாள். செராயை மலாய்க்காரர்கள்தான் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். எலுமிச்சை வாசம் அடிக்கிற அந்தப் புல்லை நம் அம்மியில் அன்றுதான் பார்த்தேன். பப்பாளிக்காயைத் தோலோடு துருவிக் கலந்தாள். பப்பாளிப் பால் கெட்டிக் கறியை இளக்கிவிடும் என்றாள்.

கடைசியாகப் பப்பாளி இலையில் சுற்றி, அதன்மேல் வாழையிலை சுற்றி, வாழைநாரால் கட்டினாள். அந்தப் பொட்டலத்தைப் பானையில் வைத்து, வாயைத் துணியால் இறுக்கினாள். வீட்டுக்குள் இருக்கிற வெக்கையில் கறி கெட்டுப்போகும். வெளியே வைத்தால் நாய், உடும்பு. அதனால் லயத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில், மூங்கில் நிழலில், தண்ணீர் சில்லென்று ஓடுகிற இடத்தில் பானையைக் கழுத்து வரைக்கும் இறக்கி, மேலே கல் வைத்தாள். நான் தழை ஒடித்துப் போட்டு மூடினேன்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கறியைச் சாப்பிட்டோம். எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ கையால் சாப்பிட்டுவிட்டேன். கிழட்டுப் பன்றி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. உள்ளே வரைக்கும் காரமும் புளிப்பும் இறங்கியிருந்தது. அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கள்ளுக்கடைக்குக்கூடப் போகாமல், சருகு விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சின்னம்மாவிடம் லூமுட் பக்கத்துக் கடலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அத்தைக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிட்டாள் சின்னம்மா. கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

அதன் பிறகு அப்பா அத்தை வீட்டில் சாப்பிடுவது நின்றுபோனது. பெரட்டு முடிந்து காட்டுக்குப் போகிற வழியில் தினமும் அவள் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார், அதுவும் குறைந்தது. இப்போது எனக்குப் புரிகிறது, கப்பலில் கையைப் பிடித்து அழைத்து வந்த தம்பி தன் கையைவிட்டுப் போகிறான் என்று அவள் பயந்திருக்கிறாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் பானைகளை மோந்து பார்ப்பாள் என்பதுதான்.

அந்தச் சமயம் பார்த்து அப்பாவுக்குக் குளிர்சுரம் வந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் வரவில்லை? ஆனால் அத்தைக்கு அது போதும். தம்பி வாயைத் திறந்தால் பெண்டாட்டி பேச்சு, தம்பி ஆள் பாதியாகிவிட்டான், கறியில் எதையோ வைத்துவிட்டாள் என்று ஆரம்பித்தாள். வசிய மருந்து என்ற வார்த்தையைக் குழாயடியில் மெதுவாகத்தான் சொன்னார்கள். அப்படி மெதுவாகச் சொன்னதே அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த பன்றி விழுந்தது. அப்பாவுக்குச் சுரம் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. வாய் கசக்கிறது, அந்தக் கறி கிடைத்தால் தேவலை என்று அவரேதான் சொன்னார். கள்ளையும் அவரேதான் ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை சின்னம்மா முன்போலவே கறியைப் பிசறிக் கட்டி, பானையை ஓடையில் இறக்கினாள்.

மறுநாள் வேலையில்லாத நாள். காலையில் துணி துவைக்க ஓடைக்குப் போன அத்தை பானையோடு திரும்பி வந்தாள். தழை போட்டு மூடி, கல் வைத்து, தண்ணீருக்குள் ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். லயத்து வாசலில் பானையை வைத்தாள். ஜனம் கூடியது. கங்காணிக்கு ஆள் போய், அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பாவைக் கம்பளியோடு அழைத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள்.

அத்தை நாரை அறுத்து இலையைப் பிரித்தாள். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. புளித்த நெடி அடித்ததும் முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். ஒரு துண்டின் தோலில் இரண்டு மூன்று கறுப்பு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதை விரலால் பிடுங்கித் தூக்கிக் காட்டினாள். தலைமயிர் என்றாள்.

அது பன்றி மயிர். சரியாகப் பொசுங்காத பன்றி மயிர். ஊசி மாதிரி நின்றது. அங்கே நின்ற ஒவ்வொரு ஆணும் முந்தின நாள் அதே பன்றியைச் சுரண்டியவன். ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். கூட்டத்துக்குள் புகுந்து போய்க் கத்தினேன். "அது பன்னி மயிரு அத்தை. எல நாந்தான் பறிச்சுக் குடுத்தேன். முள்ளு நாந்தான் ஒடிச்சேன். போன தடவ நானும் சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை.

"பாத்தீங்களா? பெத்த தாய் போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள அவளுக்காகப் பேசுது. இந்தப் புள்ளைக்கும் வச்சுட்டா."

ஐயோ பாவம் என்று ஒரு பெண் என் தலையைத் தடவினாள். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். அதுவும் மருந்தின் வேலைதான் என்று ஆனது. யோசித்துப் பாருங்கள், நான் என்ன சொன்னாலும் அது அத்தைக்குச் சாட்சி. சும்மா இருந்தாலும் சாட்சி. அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வழி உண்மையைச் சொல்வது. அதைச் சொல்லியாகிவிட்டது.

சின்னம்மா வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். கங்காணியும் அப்பாவைத்தான் கேட்டார், இது உனக்குத் தெரிந்து நடந்ததா என்று. அப்பா கம்பளிக்குள் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்த கள், நான் கேட்ட கறி என்று அவர் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கொட்டிடுங்க."

சாக்கடையில் கொட்டினார்கள். லயத்து நாய்கள் வந்து ஒரு துண்டு விடாமல் தின்றன. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்று மறுநாள் நான் போய்ச் சொன்னேன். அந்த நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் வாசலிலேயே படுத்துக் கிடப்பதை அத்தை காட்டினாள். மருந்து தின்ற நாய் வைத்தவள் காலடியைவிட்டுப் போகாது என்றாள். நான் அன்று மண்ணில் உருண்டு அழுதேன். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிலிம் ரிவரிலிருந்து மருந்து எடுக்கிற பூசாரி ஒருவரை வரவழைத்தார்கள். அப்பாவுக்கும் எனக்கும் ஏதோ கசப்புத் தண்ணீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். பிறகு அப்பாவின் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினார். அவர் குனிவதற்கு முன்பே அது அவர் கன்னத்தில் புடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதையும் சொன்னேன். பிள்ளைக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று எனக்கு மட்டும் இன்னொரு லோட்டாக் கசப்புத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சுரம் மறுபடியும் வந்தது. வராமல் என்ன செய்யும்? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வந்து பார்த்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று திட்டிவிட்டு, தினமும் வந்து தன் கண் முன்னால் கொயினா மாத்திரையை விழுங்க வைத்தார். புதுத் தளிர் விடுகிற நேரத்துக்கு அப்பா எழுந்து நடமாடினார். பேர் பூசாரிக்குப் போனது. அத்தை கோயிலில் பொங்கல் வைத்தாள். டிரசருக்கு யாரும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்கவில்லை.

சின்னம்மாவைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் நடந்தது. அனுப்புவதற்கு அவளுக்கு ஓர் இடம் இல்லை என்பதால்தான் அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கறி வந்தால் அத்தை வந்து அடுப்பங்கரை வாசலில் நிற்பாள். சின்னம்மா அவள் கண் முன்னாலேயே கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவாள். ஒரு கண நேரம்கூடக் கறி சும்மா இருக்காது. முதல் வாயை அத்தை தின்று பார்ப்பாள். அப்பா மெல்லுவார், மென்று மென்று சக்கையைத் தட்டோரத்தில் ஒதுக்குவார். ஒரு நாளும் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. அந்தச் சக்கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சின்னம்மா மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு நாள் விறகு பொறுக்கப் போன இடத்தில், ஏன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை என்று சண்டை பிடித்தேன். அவள் விறகைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ பேசுனியே. கேட்டாங்களா?"

நான் என் விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். 

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. இரண்டு மூன்று இலை உதிர்காலம் போன பிறகு ஒரு பன்றி விழுந்தது. அத்தை தன் பங்கைத் துண்டு போட்டு, தன் வாசலில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து முள்ளால் குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளித்த கள், அரைத்த செராய், துருவிய பப்பாளிக்காய். அன்று பானையைத் திறந்து மோந்து பார்த்தவள் எதையும் மறக்கவில்லை. யாரோ கேட்டதற்கு, ஊரில் எங்கள் பக்கம் இப்படித்தான் செய்வோம் என்றாள். செராய் எந்த ஊரில் முளைக்கிறது என்று கேட்க ஒரு நாதியில்லை. அடுத்த வருஷம் லயத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் ஊறவைத்தார்கள். கல்யாண வீடுகளுக்கு அத்தையை அழைத்துப் போய்க் கறி பிசறச் சொன்னார்கள். பீடோர் வரைக்கும் பேர் போனது. எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிட்டாள். சின்னம்மா அதை அப்பா தட்டில் வைத்தாள். அப்பா சாப்பிட்டார். அக்கா கை மணம் என்று சொன்னார்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். சின்னம்மா பின்னால் வந்து, சோறு ஆறுகிறது, வந்து சாப்பிடு என்று மட்டும் சொன்னாள்.

அவள் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் எங்களோடு வாழ்ந்தாள். கறியை ஊறவைத்ததே இல்லை. அத்தை செத்துப் போன பிறகும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி நான் தனிக்குடித்தனம் போன வீட்டுக்கு வந்தபோது, இங்கே யார் கேட்கப் போகிறார்கள், ஒரு தடவை செய்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவசரமாக ஆக்கியே பழகிவிட்டது என்றாள். நானே எத்தனையோ தடவை செய்து பார்த்தேன். எல்லாச் சாமானும் எனக்குத் தெரியும். நன்றாகத்தான் வருகிறது. அந்த முதல் நாள் ருசி வரவில்லை. கோபத்தோடு பிசறினால் வராதோ என்னவோ.

சின்னம்மா கண்ணை மூடிய வருஷத்தில் அப்பாவைக் கேட்டுவிட்டேன். அவர் பல் போய், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கள்ளுக்கடையிலிருந்து கள்ளை வெளியே கொண்டுவரக் கூடாது என்று தோட்டத்தில் ஒரு கட்டளை இருந்தது, அதற்குப் பயந்தாரோ என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் கங்காணி உட்பட எல்லோரும்தான் கொண்டுவந்தார்கள். அக்காவை நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆக்க வேண்டாம் என்று நினைத்தாரோ? இல்லை, அந்தச் சில நாட்கள் அவர் சந்தோஷமாக இருந்தாரே, பெண்டாட்டி செத்தவனுக்கு இவ்வளவு சீக்கிரம் சந்தோஷம் தானாக வருமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதோ? இதில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"அன்னிக்குக் கங்காணி கேட்டப்ப ஏம்ப்பா சொல்லல? கள்ளு நீங்கதானே கொண்டாந்தீங்க?"

அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து, இதையெல்லாம் போய்க் கேட்கிறாளே என்கிற மாதிரி பார்த்தார்.

"அப்ப எனக்குச் சுரம் இருந்துச்சுலா" என்றார்.

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்தச் சுரத்தில் கிடந்து எழுந்தவர்கள்தான். உங்களுக்குத் தெரியும். அது வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? மனதில் கிடந்ததையெல்லாம் உளறிக் கொட்டுவார்கள்.